மாமா பேச ஒரு ப்ராசசர்

ஏப்ரல் 7, திங்கள்

காலையிலேயே அனல். மாமாவுக்கு முதுகில் ஈரத்துணி. கட்டிய நாளிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். நூல் மில் ஆபீஸுக்கு நான் மறுபடி லீவு. மேனேஜர் "சரி" என்று போனை வைத்துவிட்டார். திட்டாததுதான் பயம்.

சேலம் ஆஸ்பத்திரி. மூச்சு ஊதிப் பார்க்கும் சோதனை. போன தடவையைவிடக் குறைவு. டாக்டரம்மா நாற்காலியை இழுத்து மாமாவின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சொன்னார். அதற்காகவே அந்த அம்மாவைப் பிடிக்கும்.

"நெஞ்சுத் தசை சோர்ந்துக்கிட்டே வருதுங்க. தொண்டையில ஓட்டை போட்டு மூச்சு மெஷின் வச்சா இன்னும் சில வருஷம் இருக்கலாம். ஆனா வச்சிட்டா அப்புறம் எடுக்க முடியாது. வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். அடுத்த புதன் வாங்க."

புருவம் தூக்கினால் ஆமாம். கண்ணை இறுக மூடினால் இல்லை. இப்போது அவரிடம் மிச்சம் இருப்பது இவ்வளவுதான். நரம்பு வியாதியில் முதலில் கை போனது, பிறகு கால். தைப்பொங்கலோடு பேச்சும் நின்றது. போர்வெல் போடும் ரிக் லாரியில் கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே பழகிய தொண்டை.

டாக்டரம்மாவுக்குப் புருவத்தைத் தூக்கினார். உடனே கண்ணை மூடினார். மறுபடி புருவம்.

"ஆமாங்களா, இல்லீங்களா மாமா?" என்றேன்.

சுவரைப் பார்த்தார். ஆமாம் இல்லை இரண்டிலும் அடங்காத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. அது மட்டும் புரிந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெயில் அப்படியே. தயிர் புளித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஏற்றிக் கொடுத்த சாஃப்ட்வேரை இன்று திறந்தோம். திரையில் கட்டம் கட்டமாக எழுத்து. அவர் எந்தக் கட்டத்தை உற்றுப் பார்க்கிறார் என்று கேமரா கண்டுபிடித்து அந்த எழுத்தைப் போட வேண்டும். போன மாதம் ஆஸ்பத்திரியில் காட்டிய கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் ஓடியது; அது இப்போது வேறு ஊர் முகாமில். "தண்ணி" என்று எழுதினார். நான் அழுதேன்.

நம் லேப்டாப்பில் ஓடவில்லை. ஆன்லைன் வகுப்பு எடுக்கலாம் என்று நான் ஒரு காலத்தில் வாங்கிய மலிவு லேப்டாப். அவர் கண்ணை வேறு கட்டத்துக்கு நகர்த்தி வெகுநேரம் கழித்து இது விழித்துக்கொள்கிறது. அதற்குள் கககககக என்று ஒரு வரி முழுக்க விழுந்துவிட்டது. அழித்தேன். மறுபடி. இப்போது டடடட. அவர் கண்ணோரம் தண்ணீர். அழுகையா, களைப்பா, கேட்கத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு போன். "கேமரா படத்தைக் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கணுங்க்கா. உங்க ப்ராசசருக்கு அவ்வளவு வேகம் பத்தாது. மாத்த முடியுமான்னு கேட்டுப் பாருங்க."

எழுத்தை நானே வாய்விட்டு வரிசையாகச் சொல்லி, அவர் புருவம் தூக்கும் இடத்தில் நிறுத்தும் முறையையும் முயன்றோம். மூன்றாவது எழுத்துக்குள் இமை தளர்ந்துவிட்டது. தூக்கினாரா, துடித்ததா தெரியவில்லை.

புது லேப்டாப்? ரிக்கில் இருந்த பங்கே போன வருடம் வைத்தியத்தில் போய்விட்டது.

ஏப்ரல் 9, புதன்

நாமக்கல்லில் இருந்து கொழுந்தனார் வந்து அண்ணனோடு இருந்தார். கோழிப்பண்ணையை ஆள் பொறுப்பில் விட்டுவிட்டு. நான் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்.

கண்டக்டர்: "ஏம்மா, கொழந்தைய இப்புடியா மூஞ்சிய மூடி வெப்ப?"

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிறைய நாளாயிற்று.

செவ்வாய்ப்பேட்டை. மளிகை மண்டிக்கு மேல் மாடியில் சரவணன் என்பவரின் லேப்டாப் கடை. படியெல்லாம் மிளகாய் நெடி. சரவணன் தும்மிக்கொண்டே அடிமூடியைக் கழற்றினார்.

"இதுல மாத்த முடியாதுங்க்கா."

"ஏனுங்க?"

"ப்ராசசர போர்டுலயே ஈயத்தால பத்த வச்சிருக்காங்க. கழட்டி மாட்டுற மாதிரி சாக்கெட் இல்ல. கம்மி விலை மாடல் பாதி இப்படித்தான். ரேம் போடலாம், டிஸ்க் மாத்தலாம். சீக்கிரம் ஆன் ஆகும். ஆனா நீங்க சொல்ற கண்ணு வேலைக்கு அது பத்தாது."

விரல்நகம் அளவில் பளபளவென்று ஒரு சில்லு. அதைச் சுற்றித்தான் எல்லாம். பார்த்துக்கொண்டே நின்றேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, அலமாரி மேலிருந்து பழைய கறுப்பு லேப்டாப் ஒன்றை இறக்கினார். ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்டது. கனம். இதில் சாக்கெட் உண்டாம். உள்ளே இருப்பது இரண்டு கோர், அதாவது கணக்குப் போட இரண்டு மூளை. நான்கு கோர் ப்ராசசர் பழசு எங்காவது கிடைத்தால் மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

"மாமா பேசுறதுக்காங்க்கா? நீங்க வச்சுக்குங்க. காசு பின்னால பாத்துக்கலாம்."

ஏப்ரல் 11, வெள்ளி

இரவெல்லாம் அவர் மூச்சு அரைகுறை. தலையணையை உயர்த்தி உயர்த்தி, கடைசியில் உட்கார்ந்த நிலையிலேயே தூங்கினார்.

கொழுந்தனார் அண்ணி என்ற முறையில் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுப் பேசினார். "நங்கை, இதுல என்னங்க ரோசனை? ஓட்டையப் போட்டுப்புடலாம். அண்ணன் உசுரோட இருந்தாப் போதுமுங்க."

"அவுங்க என்ன நெனைக்கிறாங்கன்னு தெரியாம எப்புடீங்க?"

"நெனைக்கிறதெல்லாம் இருக்கறவங்களுக்குத்தானுங்க." சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எனக்குள் ஓடுவதை எழுத வேண்டும். அவர் வேண்டும் என்றால் வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் சொல்லிவிட்டால் நான் தப்பித்தேன். இதுதான் என் அவசரம்.

சரவணன் போன். நான்கு கோர் கிடைத்துவிட்டது, மூன்றாம் தலைமுறை, சாக்கெட்டும் அதே சாக்கெட். நாளை வரச் சொன்னார்.

ஏப்ரல் 12, சனி

மாட்டினார். பழைய பசையைத் துடைத்து, புதுப் பசை தடவி, திருகு திருகாக. அச்சாக உட்கார்ந்தது. பட்டனை அழுத்தினார். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

எடுத்துத் துடைத்து மறுபடி. ஃபேன். கறுப்பு.

சரவணன் பழைய ப்ராசசரைத் திரும்ப மாட்டி, ஒரு புரோகிராமை ஓட்டி, போர்டில் ப்ராசசரோடு பேசும் சிப்செட்டின் பெயரைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

"தப்பு என்னோடதுங்க்கா. குழி ஒண்ணுதான், ஆனா இந்த சிப்செட்டு ரெண்டாம் தலைமுறையத்தான் ஏத்துக்கும். இதுக்கு அடுத்த சிப்செட்டா இருந்தா ரெண்டையும் ஏத்துக்கும். ஆன் ஆகும்போது மொதல்ல ஓடுற பயாஸுக்கு அப்டேட்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுல மூணாவது சேர்ந்திருந்தா ஓடலாம். இந்த மாடலுக்கு வந்ததே இல்ல. மொதல்லயே பாத்திருக்கணும்."

கோபம் வரவில்லை. சரியாகப் பொருந்தி உட்கார்ந்தும் பேசாமல் போய்விட்டதே என்றுதான் இருந்தது.

ரெண்டாம் தலைமுறையில் நான்கு கோர் தேடுவதாகச் சொன்னார். ஆத்தூரில் ஒரு நண்பரிடம் பழைய போர்டுகள் இருக்கின்றனவாம். நாளை ஞாயிறு, நாளை மறுநாள் வருடப்பிறப்பு. புதனுக்கு முன் நடக்குமா?

வீட்டுக்கு வந்ததும் மாமா என் கைகளைப் பார்த்தார். வெறும் கை.

"இன்னும் ரெண்டு நாளுங்க மாமா."

கண்ணை மூடிக்கொண்டார். இல்லை என்றா, சரி என்றா, தூக்கமா.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. வேப்பம்பூ ரசம். அவருக்குக் குழாய் வழியாகத்தான் எல்லாம். நாக்கில் மட்டும் ஒரு சொட்டு வைத்தேன். முகம் சுளித்தார். ருசி இருக்கிறது!

பக்கத்து வீட்டில் டிவி சத்தம். சரவணன் போன் எடுக்கவில்லை. மூன்று வேளையும் முயன்றேன். பண்டிகை நாளில் ஒருவரை இப்படித் துரத்துவது அசிங்கம்தான்.

சாயங்காலம் கரண்ட் போனது. விசிறி அட்டையால் வீசிக்கொண்டே அவரிடம் எழுத்து கேட்டுப் பார்த்தேன். அ, ஆ, இ, ஈ. பாதியில் தூங்கிவிட்டார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சரவணனே கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் வந்தார், திருச்செங்கோட்டில் எங்கள் வீடு வரை. ஆத்தூரில் கிடைத்துவிட்டது. ரெண்டாம் தலைமுறை, நான்கு கோர். இந்தத் தடவை சிப்செட்டை முதலில் பார்த்தாராம். கறுப்பு லேப்டாப்பையும் கொண்டுவந்து, கூடத்துத் தரையில் உட்கார்ந்து மாட்டினார். திரை ஒளிர்ந்தது; கண் சாஃப்ட்வேரையும் அதில் ஏற்றினார்.

"ஒண்ணு சொல்லணுங்க்கா. இந்த ப்ராசசர் சூடு அதிகம். இந்த உடம்புல இருக்கிற ஃபேன் அதுக்குப் பத்தாது. கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் தானா அணைஞ்சிரும். ஆறவிட்டு மறுபடி போடுங்க." காப்பி கூடக் குடிக்கவில்லை. மாமாவிடம் "வாரேனுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காற்று புக லேப்டாப்புக்கு அடியில் இரண்டு ஸ்பூன், பக்கத்தில் டேபிள் ஃபேன். ஃபேன் காற்று அவர் கண்ணில் படாமல் திருப்பி வைத்தேன். அவர் பார்த்தார், எழுத்து விழுந்தது. பார்த்தார், விழுந்தது. தாமதமே இல்லை.

எதிரே நிற்காமல் பின்னால் நின்றுகொண்டேன். வேண்டும். வேண்டாம். இரண்டில் ஒன்று வரும் என்று காத்திருந்தேன்.

உன்னால ஆகுமா

அவ்வளவுதான். ஒரு வாரமாக அவர் தொண்டைக்குள் நின்றது இதுதான்.

ஆகுமுங்க என்று வாய் வரை வந்தது. மெஷின் போட்டால் இரவும் பகலும் பக்கத்தில் ஆள் வேண்டும், சளி உறிஞ்ச வேண்டும், கரண்ட் போகக்கூடாது, மில் வேலை போகும், நாங்கள் இரண்டே பேர். எல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் காதிலும்தானே விழுந்தது.

முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியலீங்க மாமா."

திரைக்குத் திரும்பினார்.

எனக்கும்

அத்தோடு அணைந்துவிட்டது. அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி. ஆறவிட்டு மறுபடி போட்டேன். அவர் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 16, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. கொழுந்தனார் காரில் சேலம்.

டாக்டரம்மா: "முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்லீங்க. ரெண்டு பேருக்கும் தெரியல."

"யாருக்கும் முழுசாத் தெரியாதும்மா. ஆனா மூச்சு காத்திருக்காது. இன்னைக்குச் சொல்லணும்."

மாமாவின் கண் என்னிடம் வந்தது. நான் புருவத்தைத் தூக்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் தெரியவில்லை. வாய் இருக்கிறது எனக்கு. பிறகு அவரும் தூக்கினார். டாக்டரம்மா இன்னொரு முறை கேட்டார். மறுபடி தூக்கினார். கண்ணை மூடவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.

காலையில் ஆபரேஷன். அதற்குள் கழுத்தை ஷேவ் செய்துவிடச் சொல்லி நர்ஸ் பிளேடு கொடுத்தாள். கொழுந்தனார் தலையைப் பிடித்துக்கொண்டார், நான் தாடையைத் தூக்கி மெல்ல இழுத்தேன். குரல்வளை ஏறி இறங்கியது. ஓட்டை சரியாக எந்த இடத்தில் என்று கேட்டுவைக்க மறந்துவிட்டேன்.