சாக்பீஸால் பெயர் எழுதிய பாத்தி

அன்புள்ள துணைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே. ஓய்வு பெற்றபின் இவ்வளவு தூரம் பாடம் நடத்த வந்தவன், தோட்டவேலையில் தேறவில்லை. நீ சிரிப்பதற்காகவே எழுதுகிறேன்.

அறைக்குப் பின்னால் நான்கு பலகைகளை அடித்துச் சேர்த்து, முழங்கால் உயரத்துக்கு மண் நிரப்பிப் பாத்தி கட்டினேன். நீ நம் செடிகளிலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்த கத்தரி, மிளகாய், தக்காளி விதைகளை வரிசையாக ஊன்றினேன். எந்த வரிசை எது என்று உடைந்த சிலேட்டுத் துண்டுகளில் சாக்பீஸால் எழுதி நட்டேன். எனக்கு வேறு எதால் எழுதத் தெரியும்? அன்று மாலையே மழை. கரும்பலகையைத் துடைத்தாற்போல் எல்லாம் போயிற்று.

இப்போது பாத்தி முழுக்கப் பச்சை. எது செடி, எது களை என்றே விளங்கவில்லை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், புல்லுக்கா இவ்ளோ உபசாரம்? மாசக் கடைசில நானே பிடுங்கிப் போட்டுடறேன்."

"அவசரப்படாதீங்க. வீட்டுல கேட்டுச் சொல்றேன்."

"அவங்க அங்க இருக்காங்க, செடி இங்கதானே இருக்கு!"

நேற்று ஒன்றைப் பிடுங்கப் போனேன். அது நீ கொடுத்ததாக இருந்துவிட்டால்? கையை எடுத்துக்கொண்டேன். பெயர் தெரியாமல் யாரை வெளியே அனுப்புவது? எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

மூன்று முளைகளின் இலையையும் ஒரு தாளில் வரைந்து உடனே அனுப்பு. யாரிடமும் கொடுக்காமல் நீயே வரை. கோணலானாலும் மதிப்பெண் குறைக்கமாட்டேன். தாளில் இடம் மிஞ்சினால் எதையாவது எழுதி நிரப்பு.

மணி அடித்துவிட்டது.

உன்,
வாத்தியார்