எந்த ஊர் வாக்காளர்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
மார்ச் 6, ஞாயிறு

அன்புள்ள நாகமணிக்கு,

தொலைபேசியில் பேசத் தொடங்கினால் சற்று நேரத்தில் நாம் வாதாட ஆரம்பித்துவிடுகிறோம். தாளில் எழுதும்போது குறுக்கே பேச இயலாது என்பதால் இந்த முறையைத் தேர்ந்தேன். நீயும் எழுதியே பதில் சொல்.

வீடு ஒழுங்காக இருக்கிறது. கறிவேப்பிலைச் செடியை இன்னும் உள்ளேதான் வைத்திருக்கிறேன். உன் ஆய்வகத்தின் ஓராண்டு ஒப்பந்தம் ஏப்ரல் கடைசியில் முடிகிறது. அப்போது பனியும் முடிந்திருக்கும். செடியை வெளியே வைக்கும் வேலையை உனக்கே விட்டிருக்கிறேன்.

நேற்று கோயிலில் பத்ரி பிடித்துக்கொண்டார். "என்ன சார், மேடம் டெலவேர்ல எலக்‌ஷன் வேலைல இறங்கிட்டாங்களாமே? நாளைக்கு மேடம் பிரசிடென்ட் ஆகி நீங்க ஃபர்ஸ்ட் ஜென்டில்மேன் ஆயிட்டா எங்களையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றார். அது ஊதியமற்ற தன்னார்வப் பணி என்று விளக்கினேன். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

வரும் வழியில், குடியுரிமை பெற்றபின் நாம் முதன்முதலாக வாக்களித்த நாள் நினைவுக்கு வந்தது. நவம்பர் குளிரில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்கூட ஜிம்முக்கு வந்தாய். வாக்களித்த பின் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டியபடி அங்கிருந்த அம்மாளின் முன்னால் நின்றாய். அவர் ஒன்றும் புரியாமல் அந்த விரலைப் பிடித்துக் குலுக்கினார். "மை வெக்க மாட்டாங்களா, மாமா?" என்று நீ ஏமாற்றத்தோடு கேட்டாய். அதைச் சொல்லிச் சொல்லி வீடு வரும்வரை சிரித்தோம். அந்தப் பள்ளி இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள். கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போடு.

என்றும் உன்,
சேனாபதி


ஜார்ஜ்டவுன், டெலவேர்
மார்ச் 13, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி என்ன என்று கேட்டாள். மை வைக்கும் கதையை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன், பாதியில் செத்துவிட்டது.

இந்த ஊரைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிறவர்கள் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் போகும்போது டெலவேரை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார்களாம். இந்த வருஷம் யாரை வேட்பாளராக நிறுத்துவது என்று மாநிலம் மாநிலமாகக் கட்சிக்குள் நடக்கும் போட்டி அவ்வளவு நெருக்கம் என்பதால், இங்கே கிடைக்கும் சொற்பக் கட்சிப் பிரதிநிதிகளின் ஆதரவுக்காகவும் இறங்கி வருகிறார்கள். மளிகைக் கடையிலும் அதே பேச்சு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த வீடு மாதிரி இருக்கிறது ஊர்.

எங்கள் பிரசார அலுவலகத்தை நடத்துகிற டோரத்தி ஓய்வு பெற்ற டீச்சர். "ஒரு வாசலுக்கு மூணு நிமிஷம்தான், நாகா" என்று கண்டிக்கிறார். எனக்கு அரை மணி ஆகிறது. காரணம் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்: என் ஷூ.

யார் வீட்டுக்குப் போனாலும் படிக்குக் கீழேயே ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நிற்கிறேன். பழக்கம், கை தானாகப் போய்விடுகிறது. இங்கே சுற்றிலும் கோழிப் பண்ணைகள். ஒரு பண்ணைக்காரர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவை முழுசாகத் திறந்தார். "ஊரெல்லாம் மிதிச்ச பூட்ஸோட வர்ற கட்சிக்காரங்க யாரையும் நான் படியேற விடறதில்லம்மா. பறவைக் காய்ச்சல் பயம். உனக்காவது தெரிஞ்சிருக்கே" என்றார். நான் நம்மூர் வழக்கத்துக்குக் கழற்றினேன், அவர் கிருமிக்குக் கழற்றினேன் என்று நினைத்துக்கொண்டார். திருத்தவில்லை. காபி கொடுத்தார். கோழிகளைப் பற்றிப் பேசினோம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவள் என்றதும் பக்கத்துப் பண்ணைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். இப்போது அந்தச் சாலை முழுவதும் என் பொறுப்பு.

ஒரு சந்தேகம், மாமா. "உன் ஓட்டு எந்த ஊர்ல?" என்று டோரத்தி கேட்டார். இங்கே ஓட்டு ஏப்ரல் கடைசியில்; நியூ ஜெர்சியின் முறை ஜூனில்தான் வரும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நான் இங்கே ஓட்டுப் போட முடியுமா? சட்டம் உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. ஆய்வகத்தில் என்னை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
நாகமணி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
மார்ச் 20, ஞாயிறு

அன்புள்ள நாகமணிக்கு,

நீ கேட்டதற்கு முதலில் விடை தருகிறேன். வாக்காளரின் ஊர் எது என்பதை, அவர் எங்கே உறங்குகிறார் என்பதை மட்டும் வைத்துச் சட்டம் தீர்மானிப்பதில்லை. வெளியே போகும்போது எந்த இடத்துக்குத் திரும்பி வரும் எண்ணத்தோடு போகிறாரோ, அதுவே அவர் வீடு. ஒப்பந்தம் முடிந்ததும் இங்கே திரும்புவதாக இருந்தால் நீ ஈஸ்ட் பிரன்ஸ்விக் வாக்காளர். டெலவேரில் பதிவது தவறு. அங்கேயே இருப்பதாக இருந்தால் நீ டெலவேர் வாக்காளர்; ஏப்ரல் இரண்டாம் தேதிக்குள் அங்கே பதிய வேண்டும். இரண்டு இடங்களிலும் இருக்க இயலாது.

மேலே உள்ளதில் என் விருப்பத்தைக் கலக்கவில்லை. நீ கேட்டது விதியை. விருப்பத்தைக் கேட்டால் அதையும் எழுதுவேன்.

மருந்து நிறுவனத்தில் தர ஆய்வு செய்பவனுக்கு எல்லாவற்றையும் விதியாகப் பார்க்கும் வியாதி உண்டு என்று நீ சொல்வாய். இருக்கலாம். ஆனால் உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது வேறு. உனக்கு வேலை செய்ய அனுமதியில்லாத விசா இருந்த காலத்தில், கடையில் கோழி வாங்கும்போது மூட்டு எலும்பை அழுத்திப் பார்த்து அதன் வயதைச் சொல்வாய். வான்மதி சின்னப் பெண். "அம்மா, ப்ளீஸ், எல்லாரும் பாக்கறாங்க" என்று தலையில் அடித்துக்கொள்வாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னே போய்விடுவேன். நீ அந்தக் கோழியோடு இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாய்.

வரும் வெள்ளியன்று வருகிறாய் அல்லவா? ரசப்பொடி தீர்ந்துவிட்டது.

என்றும் உன்,
சேனாபதி


ஜார்ஜ்டவுன்
ஏப்ரல் 3, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

வந்து இரண்டு நாள் இருந்தேன். ரசப்பொடி திரித்து வைத்தேன். நீங்களும் நிரந்தர வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இத்தனை வருஷமும் எங்கே போய்வந்தாலும், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் நம் ஊருக்குத் திரும்பும் ஒன்பதாம் எக்ஸிட் வந்ததும் "அப்பாடா, வந்தாச்சு" என்பேன். நீங்கள் "இன்னும் நாலு சிக்னல் இருக்கு" என்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது டெலவேர் பாலத்தைக் கடந்து, பண்ணைகளின் வாடை காருக்குள் வந்தது. "அப்பாடா, வந்தாச்சு" என்று என் வாய் சொன்னது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. காரில் வேறு யாரும் இல்லை, மாமா. யாருக்காகவும் சொல்லவில்லை.

நீங்கள் சொன்ன விதியை அப்போதுதான் நினைத்தேன். நேற்று இங்கே பதிந்துவிட்டேன். ஆய்வகத்துக்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் விருப்பத்தை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே திரும்பி வந்திருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நாகமணி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
மே 29, ஞாயிறு

அன்புள்ள நாகமணிக்கு,

இவ்வளவு காலம் பதில் எழுதாதது முறையல்ல. எழுதினேன், எதுவும் அனுப்பத்தக்கதாக இல்லை.

உங்கள் வேட்பாளர் டெலவேரில் தோற்றதை அன்றிரவே தொலைக்காட்சியில் பார்த்தேன். மாநிலத்துக்கு அவர்கள் ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. உடனே அடுத்ததற்குப் போய்விட்டார்கள். உன் பண்ணைச் சாலையில் என்ன ஆயிற்று என்று அவர்கள் சொல்லவில்லை. இணையத்தில் தேடி எடுத்தேன். அந்தப் பகுதியில் நீங்கள் வென்றிருக்கிறீர்கள். பத்ரியிடம் சொன்னேன். "அப்போ மேடம் ஜெயிச்சுட்டாங்கன்னு சொல்லுங்க" என்றார். ஆமாம் என்றேன்.

எனக்குக் கோபம் இல்லை. நீ விதியைச் சரியாகவே பின்பற்றியிருக்கிறாய். அதை உனக்கு விளக்கியவனும் நானே.

நேற்று ஜூன் தேர்தலுக்கான மாதிரி வாக்குச்சீட்டுகள் தபாலில் வந்தன. எனக்கொன்று, உனக்கொன்று. நீ அங்கே பதிந்த செய்தி இங்கே இன்னும் வந்து சேரவில்லை போலும். பெயருக்குரியவர் அந்த முகவரியில் இல்லையெனில் அப்படிக் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பேனாவை எடுத்துக்கொண்டு வெகு நேரம் அமர்ந்திருந்தேன். பிறகு, "இந்த முகவரியில் வசிக்கவில்லை" என்று உன் பெயருக்கு மேலே தெளிவாக எழுதி, இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.

வாசலில் உள்ள தபால் பெட்டியில் நம் இருவர் பெயர்களும் ஒட்டியிருக்கின்றன. அதைப் பற்றி விதி எதுவும் இல்லை. அதனால் எடுக்கவில்லை.

அன்புடன்,
சேனாபதி