அக்கரைக் கொடியில் சிவப்புத் துணி

நவம்பர் 5, 1860, திங்கள்

பனிமூட்டம் விலகப் பத்து மணியாயிற்று. அதுவரை வெள்ளாவியில் கை ஓடவில்லை. பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் அக்கா டார்கஸின் துணிக்கொடி தெரிந்தது. முதல் துணி சிவப்பு. நலமாக இருக்கிறாள்.

எங்களை அடிமையாக வைத்திருந்த எஜமானிக் கிழவி உயிலில் எனக்கு விடுதலை எழுதினாள். அக்காவை, சுவர்க் கடிகாரத்தோடு சேர்த்து, தன் மருமகன் டோலிவருக்கு எழுதினாள். ஏன் எனக்கு, ஏன் அவளுக்கு இல்லை? ஆறு வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன். விடுதலையானவர்கள் அக்கரைக் கென்டக்கியில் இருக்கக்கூடாது, திரும்பிப் போனால் சிறை. அதனால் ஒஹையோ ஆற்றைக் கடந்து, அடிமை முறை இல்லாத இந்தக் கரையில், அவள் கொடி கண்ணில் படும் இடத்தில் குடிசை பிடித்தேன்.

அம்மாவின் சிவப்புப் பாவாடையை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். திங்கட்கிழமை இரு கரையிலும் துவைக்கிற நாள். சிவப்பு முதலில் தொங்கினால் நலம். கடைசியில் தொங்கினால் சரியில்லை. தொங்கவே இல்லையென்றால் என்ன என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நாளை இந்த நாட்டு வெள்ளைக்காரர்கள் அடுத்த ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிறார்கள்.

நவம்பர் 17

சந்தையில் ஆற்றங்கரைக் காட்டில் விளையும் பாவ்பாப் பழம், கடைசிப் பழங்கள். வாங்கி முகர்ந்தேன், அவ்வளவுதான், அந்தக் கரைக்கே போய்விட்டேன். பழம் பொறுக்கும்போது பாதையில் யார் வருகிறார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டும். அக்காவுக்கு மாடும் ஒன்றுதான், மேஸ்திரியும் ஒன்றுதான். ஒருநாள் மேஸ்திரியை "த்தா, த்தா" என்று விரட்டிவிட்டாள். அடி வாங்கியபிறகும் இரண்டு பேரும் விடாமல் சிரித்தோம்.

அடிமையாயிருந்த ஊரை நினைத்து ஏங்கலாமா? வெட்கமில்லை எனக்கு. ஏங்குகிறேன்.

டிசம்பர் 24, திங்கள்

சிவப்பு முதலில்.

அடிமைகளை விடமாட்டோம் என்று தென் கரோலினா மாநிலம் நாட்டைவிட்டுத் தனியே போய்விட்டதாம். மற்றவர்களும் போவார்களாம். நான் துவைத்துக் கொடுக்கும் ப்ரூயிட் அம்மா வீட்டு அழுக்கு மூட்டையை அவிழ்த்தபோதே அங்கேயும் சண்டை என்று தெரிந்துவிட்டது. அவர் மகன்கள் ஆசா, லைமன் இருவர் சட்டையிலும் குழம்பு. மேஜை விரிப்பில் அதைவிட அதிகம். இளையவன் லைமன் கென்டக்கிப் பெண்ணைக் கட்டியவன், மாமனார் வீட்டில் பன்னிரண்டு அடிமைகள். அண்ணனும் தம்பியும் எதைப் பற்றிப் பேசித் தட்டை வீசினார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பற்றித்தான். என் அக்காவைப் பற்றித்தான்.

மார்ச் 4, 1861, திங்கள்

மூன்று நாளாகக் குளிர்காய்ச்சல். தவழ்ந்து போய்ச் சிவப்பை முதலிலேயே தொங்கவிட்டேன். பொய்தான். அவள் அங்கே பார்த்துப் பதறி என்ன செய்வாள்?

ஏப்ரல் 22, திங்கள்

வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை தொடங்கிவிட்டது. ஆசா வடக்குப் படைக்கு. லைமன் தெற்குக்கு. ப்ரூயிட் அம்மா, எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மனுஷி, மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு மகன்களின் சட்டையும் அதில் இல்லை.

"ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதான் கெசியா. யாரு ஜெயிச்சா நான் சிரிக்கிறது?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் அக்கா எந்தப் பக்கம் என்று அந்த வீட்டில் யாராவது ஒருநாள் கேட்டதுண்டா?

மே 20, திங்கள்

கென்டக்கி எந்தப் பக்கமும் சேராதாம். மதில்மேல் பூனை. டோலிவர் மட்டும் தன் அடிமைகளைத் தெற்கே ஓட்டிப்போய் விற்கப் பார்க்கிறான் என்று படகுக்காரர் சொன்னார்.

சிவப்பு முதலில். முதலில்தான். மூன்று தடவை பார்த்தேன்.

ஜனவரி 5, 1863, திங்கள்

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

முதல் தேதியிலிருந்து அடிமைகளுக்கு விடுதலை என்றார்கள். கோயிலில் தொண்டை கட்டும்வரை பாடினேன். அக்காவுக்கு வைக்கோல் மெத்தையை உதறிப் போட்டேன், சர்க்கரைவள்ளி அவித்தேன். நான்கு நாள் படகுத்துறையிலேயே கிடந்தேன். இன்று அவள் துணி அங்கேயே தொங்குகிறது.

ப்ரூயிட் அம்மா செய்தித்தாளைப் படித்துக் காட்டினார். பிரிந்துபோன மாநிலங்களில் மட்டும்தானாம். கென்டக்கி பிரியாமல் இருந்துவிட்டது, அதனால் அங்கே எல்லாம் பழையபடி. நல்ல பிள்ளையாக இருந்ததற்கு டோலிவருக்குப் பரிசு என் அக்கா!

போதும்டி கெசியா. எழுதி என்ன ஆகப்போகுது.

ஜூன் 13, 1864, திங்கள்

சிவப்பு கடைசியில்.

அக்கா புருஷன் எனோக் ஓடிப்போய் வடக்குப் படையில் சேர்ந்துவிட்டாராம். புருஷன் மேல் உள்ள கோபத்தை டோலிவர் யாரிடம் தீர்த்திருப்பான்?

ஜூன் 20, திங்கள்

கொடியில் ஒன்றுமில்லை.

ஜூன் 27

இல்லை.

டிசம்பர் 5, திங்கள்

படை முகாமுக்குப் புருஷனைத் தேடிப் போன பெண்களைக் குளிரில் விரட்டினார்களாம், பலர் செத்தார்களாம். அதில் அவள் இருந்தாளா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் மட்டும் வாராவாரம் சிவப்பை முதலில் தொங்கவிடுகிறேன்.

ப்ரூயிட் அம்மா, இனி வரமாட்டான் என்று, ஒரு மகனின் சட்டைகளை அழுக்குத் துடைக்க வைத்துக்கொள் என்று கொடுத்தார். எந்த மகன் என்று கேட்கவில்லை. கழுத்துப்பட்டை அளவிலேயே தெரிந்தது, லைமன். துடைக்க மனம் வரவில்லை, மடித்து வைத்திருக்கிறேன்.

மே 8, 1865, திங்கள்

என் கொடியில் இரண்டு சிவப்பு.

சனிக்கிழமை படகில் வந்து இறங்கினாள். கையில் ஒரு காகிதம்: சிப்பாயின் மனைவி, சட்டப்படி சுதந்திரமானவள். எனோக், இவள் தேடிப்போன முகாமிலேயே, காய்ச்சலில் போய்விட்டார். அவர் பெயரில் இவளுக்கு விடுதலை. முன்பற்கள் இரண்டு இல்லை. நான் எதிரே ஓடிப்போய் நின்றேன். "யாரும்மா?" என்றாள். குரல் கேட்டபிறகுதான் கட்டிக்கொண்டாள்.

இன்று துவைக்கும்போது கேட்டேன், நான் காய்ச்சலில் கிடந்தும் சிவப்பை முதலில் தொங்கவிட்ட பொய்யை அவள் நம்பினாளா என்று.

அவள் பிழிந்துகொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "ஆத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்லடி. வெறும் வெளிச்சந்தான். உனக்குக் கண்ணு நல்லாருக்கே, நீ பாப்பேன்னு தொங்கவிட்டேன்."

பத்து வருஷம். மாட்டையும் மேஸ்திரியையும் ஒன்றாகப் பார்த்தவள் என்று எனக்குத் தெரியாதா? எப்படித் தோன்றாமல் போயிற்று? வாளியருகே உட்கார்ந்து அழுதேன்.

இனிமேல் எங்கே தொங்கவிட்டால் என்ன என்றாள். கேட்காமல் இரண்டையும் முதலிலேயே போட்டேன்.