மூன்றாவது குடை

ஃபிராங்க்ஃபுர்ட்,
நவம்பர் 9

அன்புள்ள ஹென்ரிக்குக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான். வெலிங்டனில் நீயும் லியோனியும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா போன ஒரு வாரத்திலேயே என் கைபேசி ஒற்றைக் கோப்பை காப்பி இயந்திரம், ஒருவருக்கான கம்பளி என்று விளம்பரம் காட்டத் தொடங்கிவிட்டது, துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு முன்னால் அது வந்துவிட்டது. முப்பது வருடம் பல்கலைக்கழகத்தில் இதைத்தானே பாடமாக நடத்தினேன், சந்தை முதலில் ஆசையைத் தயாரிக்கும், பிறகுதான் பொருளை, நம் பாட்டு, ஓய்வு, துக்கம் எதையும் விட்டுவைக்காது என்று. கடைசியில் அந்தக் காப்பி இயந்திரத்தை வாங்கியும்விட்டேன், சிரிக்காதே.

சொல்ல வந்தது வேறு. முன்பெல்லாம் பகலில் கட்டடத்தில் இருந்தது நான் மட்டும்தான் என்பதால் பார்சல்காரர்கள் எல்லார் பார்சலையும் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள், சாயங்காலம் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து வாங்கும்போது இரண்டு வார்த்தை பேசுவார்கள். ஆகஸ்டில் டிராம் நிறுத்தத்தில் பார்சல் பெட்டிகள் வைத்தார்கள், கைபேசியைக் காட்டினால் திறந்துகொள்கிறது, அதோடு என் வீட்டு மணி ஓய்ந்துவிட்டது. ஒரு வாரம் என் குரலை நானே கேட்கவில்லை ஹென்ரிக், ரொட்டிக் கடையில்கூட விரலால் காட்டிவிட்டு வந்தேன். தாங்க முடியவில்லை.

அதனால் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். செப்டம்பரில் கீழ்வீட்டுக்கு யல்ச்சின் என்று ஒரு டாக்சிக்காரர் குடிவந்தார், காலையில் வீட்டில் இருப்பார். நான் எதையாவது வரவழைத்துவிட்டு, மணி அடித்தால் திறக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்சல்காரர் அதை யல்ச்சினிடம் கொடுத்துவிட்டு என் கதவில் சீட்டு ஒட்டுவார், நான் அதை எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பேசிவிட்டு வருவேன். இப்படியே மூன்று குடை சேர்ந்துவிட்டது. என் பழைய மாணவர்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.

போன புதன்கிழமையும் மணி அடித்தது, நான் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சீட்டை எடுக்கப் போனால் வாசலில் சூடாக ஆப்பிள் கேக், கூடவே, "சேர்ந்து காப்பி குடிக்க வந்தேன்" என்று யல்ச்சின் எழுதிய தாள். அப்பா போன பிறகு காப்பி குடிக்க என்று வந்த முதல் ஆள், அவரைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டேன். நின்றபடியே கேக்கைத் தின்று அழுதேன். மறுநாள் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் சத்தமாகச் சொன்னார், "புரொபசரம்மா, மணி அடிச்சா உங்களுக்குக் கேக்கறதே இல்லன்னு பார்சல்காரரும் சொல்றாரு. வெட்கப்படாதீங்க, காது டாக்டர்கிட்ட நானே என் வண்டில கூட்டிட்டுப் போறேன்." உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சரி என்றேன். வண்டியில் அரை மணி நேரம் பேசிக்கொண்டு போகலாமே.

கிறிஸ்துமஸுக்கு என்ன அனுப்பட்டும் என்று கேட்டிருந்தாய். எதுவும் அனுப்பாதே, நீ வா. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும். வரும்போது மணியை இரண்டு தடவை அடி, ஒரு தடவை அடித்தால் திறக்க மாட்டேன். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

உன் அம்மா,
கெர்லிண்டே