கஞ்சித் துணிக் கூடாரம்

என் பிரியமுள்ள மக்கா ஞானராஜ்,

நல்லாயிருக்கியாலே என்று கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். மண்ணுக்குள் போனவனிடம் அதைக் கேட்பது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது. முந்தாநாள் கல்லறைத் தோட்டத்திற்கே வந்து உன்னிடம் நேரில் பேசலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் கோபம் தலைக்கேறிவிட்டது. திரும்பி வந்து தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

டீக்கடையில் டிவி வந்துவிட்டது, தெரியுமா? நீ உட்காரும் பெஞ்சில் இப்போது இடமே கிடைப்பதில்லை. அது கிடக்கட்டும். போன வியாழக்கிழமை உன் பெண்டாட்டி எஸ்தர் கடைக்கு வந்தாள். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. கையில் பெரிய மூட்டை.

"அண்ணாச்சி, இது சும்மாதான் கிடக்கு. பிரிச்சுப் பிள்ளைகளுக்கு மெத்தை உறை தச்சுத் தாரீகளா?" என்றாள்.

அவிழ்த்தால் நம் கூடாரம். கரையான் அரித்துவிட்டது என்று நீ சொன்னாயே, அதே கூடாரம்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. ஏதோ பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு வந்து, "மச்சான், காட்டுக்குள்ள கூடாரம் அடிச்சு ரெண்டு நாள் கெடப்பமா?" என்றாய். எஸ்தர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டதிலிருந்து நான் உனக்கு மச்சான். நீ தறி மேஸ்திரி, காடாத் துணியைக் கொண்டுவந்தாய். நான் தைத்தேன். தறியில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அந்தத் துணியில் மொடமொடவென்று அப்படியே இருந்தது. அலசிவிடலாம் என்றேன். "அலசாதலே! கஞ்சி இருந்தாத்தான் வெறைப்பா நிக்கும், தண்ணி இறங்காது" என்றாய். தறிக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன்.

ரேஞ்சர் ஆபீசில் பெர்மிட் வாங்கி, வாசுதேவநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலையடிக்கு நடந்தோம். ரிசர்வ் காட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் ஓடை குறுக்கிட்டது, முழங்கால் தண்ணீர். இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிப்போன என் இடது காலைப் பார்த்தாய். "ஏறுலே" என்று முதுகைக் காட்டினாய். உப்பு மூட்டை தூக்கி அக்கரையில் என்னை இறக்கிவிட்டாய். வழியெல்லாம் நான் சிரித்தேன், உன் முதுகும் குலுங்கியது.

சாயங்காலம் சாரல் விழுந்தது. கஞ்சி ஊறிப் பசையாகி, நம் தலைமுடி கூரையோடு ஒட்டிக்கொண்டது. விடிந்ததும் மேய்ச்சல் மாடுகள் சுற்றி நின்று கூடாரத்தை நக்கின. ஒரு செவலைப் பசு மூலையைக் கடித்துத் தின்றே விட்டது. மாட்டுக்காரர் ஓடி வந்து, "என்ன வே, கழனித்தண்ணிய மூஞ்சிக்கு நேரே வச்சாலும் இது குடிக்காது. ஒம்ம வீட்டை இந்தத் தின்னு தின்னுதே!" என்றாரே, நினைவிருக்கிறதா? வயிறு வலிக்கச் சிரித்தோம். அங்கேயே உட்கார்ந்து, என் நீலத் துண்டைக் கிழித்து அந்த மூலைக்கு ஒட்டுப் போட்டேன்.

என் ஆயுசில் அதுதான் பெரிய சந்தோஷம். என் கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். என் வீட்டுக்காரி படித்தால் படிக்கட்டும்.

அடுத்த வருஷம் கேட்டேன். "ரேஞ்சர் மாறிட்டாரு மச்சான், பெர்மிட் தரமாட்டேங்காரு" என்றாய். அதற்கடுத்த வருஷம் கரையான் கதை. வேறு தைக்கிறேன் என்றால், பெர்மிட்டுக்கு எங்கே போக என்பாய். ஒவ்வொரு வருஷமும் ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததும் "இந்த வருசமாவது கிடைக்குமாலே?" என்று கேட்பேன். நீ உதட்டைப் பிதுக்குவாய். நான்தான் உனக்கு ஆறுதல் சொல்லுவேன், மடையன். அந்த ஆத்திரத்தில், போன வருஷம் காக்கி பேண்ட் தைக்க வந்த வனக்காவலருக்கு இடுப்பில் ஒரு இஞ்ச் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். பாவம், நின்றுகொண்டே டூட்டி பார்த்திருப்பார்.

வியாழக்கிழமை கூடாரத்தை விரித்தால் நாலு ஒட்டு. நீலத் துண்டு என்னுடையது. மற்ற மூன்றும் கோணல் தையல். நூல் முடிச்சைப் பார்த்தேன். அறுந்த இழையைத் தறியில் சேர்ப்பதற்குப் போடுவீர்களே, அந்தப் பொடி முடிச்சு. அது உன் கை.

"இது ஆரும்மா தச்சது?" என்றேன்.

"அவுகதான் அண்ணாச்சி. வருசா வருசம் தபசு முடிஞ்சதும் தறிக்காரவுக மூணு பேரோட மலைக்குக் கொண்டு போவாகள்ளா. முள்ளு கிழிச்சிரும். அண்ணாச்சிகிட்ட குடுங்களேன்னா, அவனுக்கு வேலை கெடக்குன்னுருவாவ." பிறகு என் காலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "கால் முடியல, இனிமே வரலைன்னு நீங்கதான் சொல்லிட்டீகளாமே?"

நான் சொன்னேனாலே? எப்போது சொன்னேன்?

தபசு முடிந்த கையோடு திருவேங்கடத்துக்கு, மாமனார் வீட்டுக்குப் போகிறேன் என்பாய். திரும்பி வந்ததும் உன் பேண்ட் விளிம்பில் ஒட்டிக்கிடந்த நாயுருவி முள்ளை இந்தக் கையால் எடுத்துப் போட்டு, "மாமனார் சௌக்கியமா?" என்று கேட்டிருக்கிறேன். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாயே, பாவி!

"உன்னைத் தூக்க என்னால முடியலலே" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கலாம். கத்திரிக்கோலை விட்டெறிந்திருப்பேன். ரெண்டு நாள் பேசியிருக்க மாட்டேன். மூணாம் நாள் டீ குடித்திருப்போம். ஊரே என்னை நொண்டி டெய்லர் என்றுதான் சொல்லும், கேட்டுக் கேட்டு மரத்துவிட்டது. அப்படி நினைக்காத ஒரே ஆள் நீ என்று இருந்தேன். வாயால் சொல்லாத ஆள், அவ்வளவுதான் போலிருக்கிறது.

பெட்டிக்குள் உனக்குப் போட்ட சட்டையையும் நான்தான் தைத்தேன். கண்ணீரில் தையல் தெரியவில்லை. இந்தச் சேதி அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் தைத்திருப்பேன். அழுதிருக்க மாட்டேன்.

நேற்று அந்த வனக்காவலரை வரச்சொல்லி, பேண்டைப் பிரித்து இடுப்பை விட்டுக் கொடுத்தேன். பெர்மிட் கிடைக்குமா என்று கேட்டேன். "ஒரு மனு எழுதிக் குடுத்தா ஆருக்கும் தருவாவ அண்ணாச்சி. ஒங்க கூட்டாளிக்கு வருசா வருசம் நான்தான வாங்கிக் குடுத்தேன்? நல்லாத் தைப்பாருன்னு இங்கன அனுப்புனதே அவருதான்" என்கிறார்.

அந்த ஓடையில் நான் அவ்வளவு கனமாகவா இருந்தேன்? நீயும் சிரிக்கிறாய் என்று நினைத்தேனே, அது மூச்சு வாங்கியதா?

எஸ்தருக்குப் புதுத்துணியில் மெத்தை உறை தைத்துக் கொடுத்துவிட்டேன். கூடாரம் என்னிடம்தான் இருக்கிறது. உன் ஒட்டு மூன்றையும் பிரித்துத் திருத்தமாகத் தைத்தாகிவிட்டது. மனுவும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இந்தத் தபசு முடிந்ததும் தனியாகப் போகப்போகிறேன், சத்தியம். அரை நாள் ஆனாலும் ஓடை வரைக்கும் நடப்பேன். அதைத் தாண்ட மாட்டேன், தூக்கிவிட ஒருத்தனையும் கூப்பிடவும் மாட்டேன். இக்கரையிலேயே கூடாரத்தை அடிப்பேன். திரும்பி வந்துதான் உன் கல்லறைப் பக்கம் வருவேன்.

இக்கரையும் காடுதானலே, ஞானராஜ். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட உனக்கு அது தோன்றவில்லையா?

இன்னமும் உன் மச்சான்தான்,
கோமதிநாயகம்