ஜூன் முதல் தேதி

7-5-2008
விடுதிப் பள்ளியின் தேர்வுப் பட்டியல் வந்தது. பூங்குழலியின் பெயர் இல்லை. காரணம்: வயது மீறல். 1-6-1997க்கு முன் பிறந்தவர்களுக்கு இடமில்லை. அவள் பிறந்தது 31-5-1997 என்கிறது அவர்களுக்குப் போன கணினிப் பட்டியல். என் பள்ளிப் பதிவேட்டில் 1-6-1997. ஒரு நாள்! ஐந்து வருடத்தில் கணக்கைப் பார்த்தால் முகம் மலர்கிற பிள்ளை அவள் ஒருத்திதான். மலையிறங்கிப் படிக்க வேறு வழியும் இல்லை.

8-5
எங்கள் பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்கு மென்பொருள் எழுதிய தரணிதரனைச் சேலத்தில் போனில் பிடித்தேன். "டைப் பண்றப்ப மாறியிருக்குங்க மேடம். மலைக்குளிர்ல கை நடுங்கியிருக்கும்" என்று சிரித்தான். நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு இதெல்லாம் வராது, அதைத்தானே சொன்னான்? கணிதத்தில் எம்.எஸ்ஸி. படித்தவள் என்று வாய்வரை வந்தது. போனை வைத்தேன்.

10-5
பதிவேட்டையும் கணினியையும் ஒத்துப் பார்த்தேன். வகுப்பில் எல்லோருக்கும் ஜூன் ஒன்று என்பதால் கோணல் பளிச்சென்று தெரிந்தது. திருத்தாத பதிவுகள் சரி. ஒருமுறை திருத்தியவை 31-5. செங்கோடன் மகனுக்கு இருமுறை திருத்தினேன் - 30-5. பூங்குழலிக்கு ஏப்ரலில் முகவரியை மட்டும்தான் மாற்றினேன். தேதியைத் தொடவே இல்லை.

12-5
பிடிபட்டது. எதைத் திருத்தினாலும் இங்குள்ள கணினி முழுப் பதிவையும் ஏபிஐ என்கிற இணைப்பு வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறது. பிறந்த தேதி, நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று போகிறது. அங்குள்ள இயந்திரத்துக்கு கிரீன்விச் நேரம். நமக்கு ஜூன் ஒன்று தொடங்கும்போது அதற்கு மே 31 மாலை ஆறரை. மணியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொள்கிறது. அடுத்த திருத்தத்தில் அந்த மே 31ஏ இங்கிருந்து திரும்பப் போய், இன்னொரு நாள் குறைகிறது.
தரணிதரனிடம் சொன்னேன். விசைகளைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமாங்க மேடம்." இந்த முறை சிரிக்கவில்லை.

20-5
சரிசெய்துவிட்டான். ஆனால் விடுதிப் பள்ளியில், "பிறப்புச் சான்றிதழ் இருந்தால் மட்டும் பரிசீலிக்கலாம்" என்கிறார்கள். எங்கே போவது? இந்த மலையில் பிறப்பைப் பதியும் வழக்கமே இல்லை. 2003இல் முதல் வகுப்பில் சேர்ந்த இருபத்துமூன்று பேருக்கும் ஜூன் முதல் தேதி போட்டவள் நான். எல்லாப் பள்ளியிலும் செய்வதுதான். வேலை சுலபம்.

21-5
பூங்குழலியின் அம்மா கண்ணாயி வந்தாள். ஒரு நாள் பிசகியதால் இடம் போனதைச் சொன்னேன்.
"எந்த நாளுங்க டீச்சர்? அவ ஆடிப் பதினெட்டுக்கு மொத நாளுல்லீங்க பொறந்தா. ஊரே கோயில் நோம்பிக்குப் போயிருச்சு, நான் ஒருத்தி ஊட்டுல கெடந்தேன்."
ஆடியா? அப்படியென்றால் ஆகஸ்ட்! வயது வரம்புக்குள் தாராளமாக, இரண்டு மாதம் உள்ளே...
"சேர்க்கறப்பவே சொல்லியிருக்கக் கூடாதா கண்ணாயி?"
"நீங்க கேக்கலீங்களே, சாமி."
இத்தனை நாள் இயந்திரத்தின்மேல் கோபப்பட்டேனே.

22-5
விடுதிப் பள்ளிக்குப் போன் செய்தேன்; தாயின் வாய்மொழி போதாதாம், சான்றிதழ்தான் வேண்டுமாம்.

9-6
பூங்குழலி அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்குப் போகிறாள், அத்தை வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. "அங்க இஸ்கோல்ல சேத்துனாலும் சேத்துவோமுங்க" என்று மாற்றுச் சான்றிதழ் கேட்டாள் கண்ணாயி. பதிவேட்டில் உள்ளதைத்தான் எழுத முடியும். பிறந்த தேதி: 1-6-1997. கணினியிலும் ஒருமுறை பார்த்தேன். இப்போது சரியாகக் காட்டுகிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.