ஆர்குட்டில் நைனா

கும்மிடிப்பூண்டி,
2008

அன்பு மகள் அருணாவுக்கு அம்மா குப்பம்மாளின் ஆசிகள். இங்கே நாங்கள் உடம்புக்கு நோவில்லாமல் இருக்கிறோம், பெங்களூர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது உன் தம்பி மணவாளன். முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு: நம் குடும்பத்தின் மூத்த உறுப்பினரான மிக்சி, நேற்றுக் காலை தேங்காய்ச் சட்னி அரைக்கும் பணியில் இருந்தபோது புகை கக்கிக் காலமானது. கம்பெனிப் புகைக்கு ஊரே திரண்டு நிற்கிறது, இந்தப் புகைக்கு ஒருவரும் கொடி பிடிக்கவில்லை. இதை நான் சொல்லலைன்னு எழுதுடா என்கிறாள் அம்மா.

இனி அம்மா சொன்னது. இரும்பு உருக்கும் கம்பெனியின் கரி கொடியில் காயும் துணியிலும் தட்டில் போட்ட சோற்றிலும் விழுவது உனக்குத் தெரியும். போன மாதம் கேட் முன்னால் கூட்டம் போட்டபோது வந்தவர்களைவிடப் போலீஸ்காரர்கள் அதிகம். இடையில் மணவாளன் நான் சொல்கிறேன்: அன்றைக்கு நைனா கையை உயர்த்தி நிற்பதை என் கூட்டாளி பாக்கியராஜ் செல்போனில் பிடித்தான், நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆர்குட்டில் ஏற்றினேன். நீ அதற்குக் கீழே, இவர் எங்க நைனா, அந்தக் கம்பெனியிலேயே லோடு ஏற்றுகிறவர், அவரே எழுந்து நின்றுவிட்டார், நீங்கள் எப்போது என்று எழுதினாயே, அப்புறம்தான் கூத்து. அத்திப்பட்டிலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் பசங்கள் வேன் பிடித்து வருகிறார்கள். கரியைப் பற்றிக் கேட்பதில்லை, கை தூக்கின பெரியவர் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். அவரோடு நின்று படம் எடுத்து அதையும் ஆர்குட்டில் போடுகிறார்கள், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருகிறார்கள். என் ஒரு கிளிக்கில் இத்தனை கிளர்ச்சி. ஆள் சேர்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பாக்கியராஜே ஒப்புக்கொண்டான்.

அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். படம் காண்ட்ராக்டர் கண்ணிலும் பட்டுவிட்டது. நைனாவின் கேட் பாஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உன்னைப் பார்த்தால் உன் இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். போகாமல் இருந்துவிடலாம் என்றால், கூட்டம் நடத்தும் வீரராகவன் மாமா நோட்டீசில் நைனா பெயரை முதல் பெயராக அச்சடித்துவிட்டார், வராவிட்டால் கம்பெனியிடம் விலை போய்விட்டான் என்பார்கள். நைனா அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார், வெளியே போனால் யாராவது பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தை ஆர்குட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று அம்மா கேட்டாள். "எடுத்தா மட்டும் இன்னா, அதான் ஊரெல்லாம் வச்சிகினு கீதே. பொண்ணு போன்ல அழுதுச்சி, நைனா உன்ன நெனச்சா பெருமையா இருக்குதுன்னு. அதுகிட்ட இன்னான்னு சொல்றது" என்றவர், மறுபடி அடுப்படிக்கே நடந்துவிட்டார்.

ஆகவே அம்மா சொல்வது, நீதான் அப்படி எழுதி அவரை ஏற்றிவிட்டாய், நீயே இறக்கிவிடு. ஆர்குட்டில் எழுதினால் ஊரே படிக்கும், அதனால்தான் தபாலில் வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வழி சொல். ஷிப்ட் முடிந்து தனியாக ஆட்டோவில் வராதே, பன்னைத் தின்று வயிற்றைக் காயப் போடாதே. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், மிக்சி வாங்கப் பணம் அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா குப்பம்மாள்

பின்குறிப்பு: அம்மா குழாயடிக்குப் போய்விட்டாள், இது நானாக எழுதுவது. அக்கா, ஆர்குட்டில் இருப்பது முழுப் படம் இல்லை. அன்றைக்கு நான் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு கம்பெனி கேட் மேல் ஏறிக் கத்திக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த நைனா என்னை இழுத்து இறக்கி, அறைய ஓங்கிய கைதான் அது. கோஷம் போடத் தூக்கிய கை என்று நினைத்துக் கூட்டம் கைதட்டிவிட்டது, அவர் அடிக்காமலே கையை இறக்கிவிட்டார். காதைப் பொத்திக்கொண்டு குனிந்து நிற்கிற என்னைப் பார்த்தால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று, என் பாதியை நான்தான் வெட்டிவிட்டு ஏற்றினேன். நைனா என்னை இன்றுவரை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. முழுப் படத்தைப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இதைப் போட்டால் அவருக்குக் கேட் பாஸ் திரும்பக் கிடைக்கலாம், ஆனால் வேன்கள் வராது, கரி விழுந்துகொண்டே இருக்கும். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. போடுவதென்றால், என்னை வெட்டாமல் போடு.